கடிகாரம் யார் கையில்?

(கீழ்பென்னாத்தூரில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சில தோழர்கள் சிரித்தார்கள். கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேச வேண்டிய மேடையில் செல்போன் விளையாட்டைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் இந்தக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேட்டவலம் வரை எந்த ஊரிலே வேண்டுமானாலும் சாயங்காலம் நடந்து பாருங்கள். கோயில் திண்ணையிலும், பஸ் நிற்கிற இடத்திலும், பூசி முடியாத வீட்டு மாடியிலும் நாலைந்து பிள்ளைகள் தலை குனிந்து செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, "இடது பக்கம் வாடா, மறைந்துகொள்" என்று எங்கோ இருக்கிற கூட்டாளிக்குக் கட்டளை போடுவார்கள். அவர்கள் நம் பிள்ளைகள். பகலெல்லாம் மல்லாட்டை பிடுங்கிய தாயும், இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த தகப்பனும், "இதிலேயே சம்பாதிக்கலாம் அப்பா" என்று பிள்ளை சொல்லும்போது, ஆமென்பதா அடிப்பதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். இது நம் விஷயமில்லை என்று எப்படி ஒதுக்க முடியும்?

முதலில் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டுவிடுவோம். ரம்மி, போக்கர் என்று காசு கட்டி ஆடுகிற சூதாட்டம் வேறு. நாம் பேசப் போகிற விளையாட்டு வேறு. சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்துத் தூக்குக் கயிற்றைத் தேடிய குடும்பங்களை நாம் அறிவோம். தமிழ்நாட்டுச் சட்டசபை 2022 அக்டோபரில் அதைத் தடுக்கச் சட்டம் நிறைவேற்றிற்று. கவர்னர் மாதக் கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். சபை அதே மாதத்தில் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமாயிற்று. கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஹைக்கோர்ட்டுக்குப் போயின. சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமையாட்டம் என்று 2023 நவம்பரில் தீர்ப்பாயிற்று. பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுகிற ஆட்டத்தை இணைய வழியில் நடத்தவே கூடாதென்று சட்டம் செய்தது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவனுக்கு அதில் தண்டனை கிடையாது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் என்னும் போட்டி விளையாட்டைத் தனியே பிரித்து, இது விளையாட்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே பிள்ளை செல்போனை எடுத்தாலே சூதாடுகிறான் என்று கையை ஓங்காதீர்கள். எதை ஆடுகிறான் என்று கேளுங்கள்.

விளையாட்டிலும் இரண்டு தினுசு உண்டு. ஒருவனோடு ஒருவன், அணியோடு அணி மோதுவது ஒன்று. அதுதான் இ-ஸ்போர்ட்ஸ். கடிகாரத்தோடு மோதுவது இன்னொன்று. அதற்கு ஸ்பீட் ரன் என்று பெயர். நாம் விரைவோட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவதைப் பற்றி நம் ஜனங்களுக்கு அதிகம் தெரியாது. அதனால் அதையே முதலில் சொல்லுகிறோம்.

ஜப்பானிலே நிண்டெண்டோ கம்பெனி 1985-ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. மீசை வைத்த ஒரு குழாய் ரிப்பேர்க்காரன் ஓடியும் தாண்டியும் ஓர் அரசகுமாரியை மீட்கப் போகிறான். (அவனும் தொழிலாளிதான். கூலி யார் கொடுத்தார்கள் என்று ஆட்டத்தில் சொல்லவில்லை.) மொத்தம் 32 கட்டங்கள். குறுக்கு வழி தெரிந்தவர்கள் 8 கட்டங்களிலேயே முடித்துவிடலாம். இதை எத்தனை சீக்கிரம் முடிக்க முடியும் என்பதுதான் கேள்வி. உலகம் முழுவதும் வருஷக் கணக்கில் ஆடினார்கள். 4 நிமிஷம் 55 வினாடிக்குள் ஒருவர் முதன்முதலாக முடித்தது 2021-ல்; ஆட்டம் வெளிவந்து 36 வருஷத்துக்குப் பிறகு!

இதிலே என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பீர்கள். சினிமாவில் வினாடிக்கு 24 படம் ஓடுகிறதல்லவா? இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய 60 படம் ஓடுகிறது. ஒரு கட்டம் முடிந்துவிட்டதா என்று அந்த யந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் பார்ப்பதில்லை. 21 படத்துக்கு ஒரு தரம்தான் பார்க்கிறது. மில் கேட்டை வாட்ச்மேன் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் திறப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிஷம் முன்னால் ஓடி வந்தவரும், கடைசி நிமிஷத்தில் வந்தவரும் ஒன்றாகத்தான் உள்ளே போவார்கள். ஓடி வந்த களைப்புத்தான் மிச்சம். ஆனால் ஒரு நிமிஷம் பிந்திவிட்டால் 20 நிமிஷம் நிற்க வேண்டும். அதே போலத்தான் இங்கேயும். ஒரு கட்டத்தில் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால்தான் லாபம். அதற்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. கம்பெனிக்காரன் இதைப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. ஆடியவர்களே ஆட்டத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். எந்தச் சுவரில் எந்த இடத்தில் மோதினால் உள்ளே புகுந்து போகலாம், எந்தத் தாண்டலில் எத்தனை படம் மிச்சம் என்று பொடிப்பொடியாகக் கணக்கெடுத்தார்கள்.

எங்களுக்கு இதில் பிடித்த விஷயம் வேறொன்று. கண்டுபிடித்தவன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. எல்லாருக்கும் காட்டிக் கொடுக்கிறான். நாளைக்கு இன்னொருவன் அதே வழியில் போய்த் தன்னை முந்திவிடுவான் என்று தெரிந்தே காட்டிக் கொடுக்கிறான். 1996-ல் குவேக் என்று ஓர் அமெரிக்க ஆட்டம் வந்தது. அடுத்த வருஷமே பல ஆட்டக்காரர்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் யார் வேகமாக ஆடுகிறாரோ அவரையே ஆடச் சொல்லி, முழு ஆட்டத்தையும் 19 நிமிஷம் 49 வினாடியில் முடித்துக் காட்டினார்கள். நடவு வயலில் வரிசை பிடித்து நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

பொய் சொன்னால் என்ன ஆகும்? அதையும் கேளுங்கள். 1980-ல் வந்த டிராக்ஸ்டர் என்னும் கார் ஓட்டும் ஆட்டத்தை 5.51 வினாடியில் முடித்ததாக டாட் ராஜர்ஸ் என்ற அமெரிக்கர் 1982-ல் சொன்னார். கின்னஸ் புத்தகத்திலும் ஏறிற்று. 35 வருஷம் அதை யாராலும் தொட முடியவில்லை. 2017-ல் ஒரு விரைவோட்டக்காரர் அந்த ஆட்டத்தின் புரோகிராமைப் பிரித்து, வரி வரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடவுளே வந்து ஆடினாலும் 5.57 வினாடிக்குக் கீழே போக முடியாது என்று தெரிந்தது. 2018-ல் அந்தச் சாதனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரிய மனிதர், பழைய பெயர் என்று தயவு காட்டவில்லை. இன்றைக்குச் சாதனை செய்தேன் என்கிறவர் முழு ஆட்டத்தையும் படம் பிடித்துக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

இந்த விரைவோட்டக்காரர்கள் 2010-ல் அமெரிக்காவில் ஒரு வீட்டின் நிலவறையில் கூடி, இரவும் பகலும் மாறி மாறி ஆடிக் காட்டி, பார்த்தவர்களிடம் தர்மத்துக்குப் பணம் கேட்டார்கள். அந்தத் தடவை 10,000 டாலருக்குச் சற்று மேல் சேர்ந்தது. கேம்ஸ் டன் க்விக் என்ற பெயரில் அது வருஷா வருஷம் நடக்கிறது. புற்றுநோய்த் தடுப்புக்கும், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் ஸ்தாபனத்துக்கும் இதுவரை சேர்ந்தது 5 கோடி டாலருக்கு மேல். வேலையற்ற பயல்களின் விளையாட்டு என்று சொல்லிவிட முடியுமா?

தோழர்களே, கடிகாரம் என்றதும் மில் தோழர்கள் முகம் மாறிவிட்டதைப் பார்த்தோம். ஸ்டாப் வாட்ச் நமக்குப் புதிதல்ல. ரிங் பிரேமுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அறுந்த இழையைச் சேர்க்க எத்தனை வினாடி, தண்ணீர் குடிக்கப் போய் வர எத்தனை நிமிஷம் என்று ஒருவர் குறித்துக்கொண்டு போவார். அடுத்த மாதம் இன்னும் ஒரு பக்கம் சேர்த்துப் பார் என்று உத்தரவு வரும். இந்த வித்தையின் தகப்பன் டெய்லர் என்ற அமெரிக்க இஞ்சினீர். பெத்லஹெம் இரும்பாலையில் ஒரு தொழிலாளி நாளுக்கு 12½ டன் இரும்பு சுமந்துகொண்டிருந்தான். அதை 47½ டன்னாக்கினேன் என்று 1911-ல் அவரே புத்தகம் எழுதினார். கூலி எவ்வளவு கூட்டினார் தெரியுமா? 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்கு கூட இல்லை. அதே 1911-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள், ஸ்டாப் வாட்சை எடுத்தால் வேலை செய்ய மாட்டோம் என்று வெளியேறினார்கள். அந்தக் கிளர்ச்சியின் பலனாக, அமெரிக்க சர்க்கார் ஆயுதசாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து வேலை அளக்கக் கூடாதென்று 1915-லிருந்து 1949 வரை தடை இருந்தது.

விரைவோட்டக்காரனும் வினாடி வினாடியாகத் தன்னைப் பிழிந்துகொள்கிறான். ஆனால் அவன் கடிகாரம் அவன் கையில் இருக்கிறது. நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்துவான். மிச்சம் பிடித்த வினாடியை யாரும் லாபமாக எண்ணிக்கொண்டு போவதில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு இப்போது இ-ஸ்போர்ட்ஸுக்கு வருவோம்.

இதன் ஆரம்பம் சின்னது. 1972 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் மாணவர்கள் ஸ்பேஸ்வார் என்ற ஆட்டத்தில் போட்டி வைத்தார்கள். பரிசு என்ன? ஒரு பத்திரிகைக்கு ஒரு வருஷ சந்தா. இன்றைக்கு நிலைமை என்ன? டோட்டா 2 என்ற ஆட்டத்துக்கு 2021-ல் நடந்த ஒரே போட்டியின் பரிசுத் தொகை 4 கோடி டாலர். சவூதி அரேபிய சர்க்காரின் முதலீட்டு நிதி, 2022-ல் போட்டி நடத்துகிற இரண்டு பெரிய கம்பெனிகளை 150 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2024-லிருந்து ரியாத் நகரில் உலகக் கோப்பை நடத்துகிறது. 2025-ல் அதில் சதுரங்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். எண்ணெய் விற்ற பணம் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள்!

இடையிலே தென் கொரியாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1997-ல் அந்தத் தேசத்தின் பொருளாதாரம் சரிந்தது. ஐ.எம்.எப். கடன் கொடுத்தது, நிபந்தனைகளும் போட்டது. லட்சக் கணக்கில் வேலை போயிற்று. வேலை போனவர்களில் பலர் கையில் கிடைத்த காசைப் போட்டு பி.சி.பாங் என்னும் கம்ப்யூட்டர் கடைகளைத் திறந்தார்கள். வேலை கிடைக்காத வாலிபர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். 1998-ல் ஸ்டார்கிராப்ட் என்ற ஆட்டம் வந்தது. அதை ஆடி ஆடி அந்தப் பிள்ளைகள் உலகத்திலேயே தேர்ந்தவர்களானார்கள். டெலிவிஷனில் காட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், மைதானம் நிறையக் கூட்டம் கூடிற்று. பத்து வருஷம் இப்படி வளர்த்த பிறகு, ஆட்டத்தைச் செய்த பிளிஸார்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனி எழுந்து, "ஆட்டம் என்னுடையது, ஒளிபரப்பக் காசு கொடு" என்றது. 2010-ல் டெலிவிஷன் கம்பெனி மேல் கேஸ் போட்டது. 2011-ல் பேசி முடித்தார்கள்.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. பொங்கலுக்கு நம் ஊரில் சடுகுடு நடக்கிறது. தரையில் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். சடுகுடு யாருக்குச் சொந்தம்? ஒருவருக்கும் இல்லை. ஆடு புலி ஆட்டத்தைக் கோயில் கல்லில் செதுக்கி வைத்தவன் எவனென்றே தெரியாது. ஆனால் பப்ஜிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். ஆடுகளம் அவனுடையது, துப்பாக்கி அவனுடையது, விதி அவனுடையது. நாளைக் காலையில் விதியை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்க வழியில்லை. ஆட்டத்தையே மூடிவிட்டாலும் அப்படித்தான். அதே பிளிஸார்ட் கம்பெனி, ஹீரோஸ் ஆப் தி ஸ்டார்ம் என்ற ஆட்டத்துக்கு நடத்திவந்த சம்பளப் போட்டிகளை இனி நடத்துவதில்லை என்று 2018 டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டது. அதையே தொழிலாக வைத்திருந்த ஆட்டக்காரர்கள் ஊரோடு ஊராக அந்த அறிக்கையைப் படித்துத்தான் தங்கள் பிழைப்பு போனதைத் தெரிந்துகொண்டார்கள். நிண்டெண்டோ செய்ததும் குறைந்ததல்ல. 2020-ல் கொரோனா காலத்தில் அமெரிக்காவில் ஒரு போட்டி. ஒன்றாகக் கூட முடியாததால், வீட்டிலிருந்தே ஆடுவதற்கு ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு சாதனம் செய்திருந்தார்கள். ஆட்டமோ 2001-ல் வெளிவந்த பழசு. அதை அப்படி ஆடக் கூடாதென்று கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பிற்று, போட்டி நின்றது.

நம் தேசத்துக் கதை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சீனாவோடு எல்லையில் மோதல் ஏற்பட்ட பிறகு, 2020 செப்டம்பர் 2-ந் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய சர்க்கார் தடை செய்தது. ஆட்டத்தைச் செய்த தென் கொரியக் கம்பெனி கிராப்டன், 2021 ஜூலையில் அதையே பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் பிரீ பயர் தடையாயிற்று. 2022 ஜூலை 28-ந் தேதி பி.ஜி.எம்.ஐ.யும் கடையிலிருந்து மறைந்தது. பத்து மாதம் கழித்து 2023 மே மாதம் திரும்பி வந்தது. தடை சரியா தப்பா என்பது வேறு வழக்கு. அந்தப் பத்து மாதம் அதையே நம்பியிருந்த பிள்ளை என்ன செய்தான்? சில அணிகள் ஆட்களை அனுப்பிவிட்டன. மில்லை மூடினால் லே-ஆப் நஷ்டஈடு என்று கேட்கச் சட்டம் இருக்கிறது. ஆட்டத்தை மூடினால் எதைக் கேட்பது?

பிள்ளைகளின் திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 2018-ல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக வைக்கப்பட்டபோது, குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கினார். 2023-ல் சீனாவின் ஹாங்சௌ நகரில் அது பதக்கப் போட்டியாகவே நடந்தது. மத்திய சர்க்காரும் 2022 டிசம்பரில் அதை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யாமல், நாலு பேர் ஒரே மனதாகாமல், இதில் ஜெயிக்க முடியாது. அது உழைப்புத்தான். அதனால்தான் உழைப்புக்குக் கேட்கிற கேள்விகளை இதற்கும் கேட்கச் சொல்லுகிறோம். அணிக்குச் சொந்தக்காரன் யார்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடச் சொல்லுகிறான்? மணிக்கட்டு வீங்கினால், கண் எரிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? இந்தத் தொழிலில் பெரும்பாலோர் இருபது வயதுகளிலேயே ஓய்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கையில் என்ன இருக்கும்? பத்தாவதை முடிக்காமல் இறங்கியவனுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆயிரம் பேர் ஆடினால் பத்துப் பேர் கூடச் சம்பளத்துக்குத் தேறமாட்டார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் அந்த ஆயிரம் பேரும் ஆடுவதாலும் பார்ப்பதாலும், துப்பாக்கிக்குச் சட்டை மாட்ட ஐம்பதும் நூறும் கட்டுவதாலுந்தான் கம்பெனி கொழுக்கிறது. தகப்பனுடைய ஒரு நாள் கூலி அப்படித் திரையில் ஒரு தொப்பியாகிப் போன வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

ஆடட்டும், அளவோடு ஆடட்டும். விரைவோட்டத்தைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்டம் எப்படிச் செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி வரும். டிராக்ஸ்டரைப் பிரித்தவர் உபயோகித்தது கணக்குப் பாடந்தான்.

அணியில் சேர்க்கிறோம் என்று யாராவது காகிதத்தோடு வீட்டுக்கு வந்தால், ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவன் போட்ட கையெழுத்து செல்லாது. அது அவர்களுக்கும் தெரியும். ஆகவே உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். இங்கிலீஷில் பத்துப் பக்கம் இருக்கும். இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள் என்று பேனாவை நீட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை வருஷம், நடுவில் வேறு அணிக்குப் போக முடியுமா, பரிசில் அவன் பங்கு எவ்வளவு, அவன் ஆடிய படங்கள் யாருக்குச் சொந்தம் என்று சங்க ஆபீசுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்ப்போம். ஆட்டம் தடையானால் சம்பளம் உண்டா என்பது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று வந்தவரையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.